கானம் வளர்க்கும் புறா

புறா என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, கோபுர மாடங்களிற் குடியிருந்து தெருவிற் சிந்திய தானியத்தைப் பொறுக்கும் மாடப்புறாவே. அதன் இனத்துள் ஒன்று, மனிதர் சிந்தும் மணியை நாடாது, அடர்ந்த கானகத்தின் உயர்கிளைகளிற் பழமுண்டு வாழ்கின்றது. பெரும்பச்சைப் புறா எனப்படும் அது, இந்தியா, இலங்கை தொடங்கிப் பிலிப்பைன், இந்தோனேசியத் தீவுகள் ஈறாக உள்ள வெப்பநாட்டுக் காடுகளில் உறைவது. மாடப்புறாவினும் பெரிது, நீளம் ஏறக்குறைய 43 செ.மீ. தலையும் மார்பும் வெளிறிய சாம்பல் நிறம். முதுகும் சிறகும் செம்பொளி கலந்த பச்சை.

அத்தி, ஆல், காட்டுச் சாதிக்காய் முதலியன இதன் உணவு. இதன் வாய் அகல விரிவதாகலின், பெரிய கனியையும் முழுமையாக விழுங்கும். சதை செரிக்க, விதை பழுதுறாது வெளிப்பட்டுத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் வீழ்ந்து முளைக்கும். சிறிய பச்சைப் புறாக்களும் பழந்தின்பனவே. எனினும் அவை விதைகளுட் பலவற்றை இரைப்பையில் அரைத்து அழித்துவிடும். ஆகவே பழமுண்பன எல்லாம் ஒருபடித்தாகக் காடு வளர்ப்பன அல்ல.

“ஒரு பறவை ஒழிந்தால் என்ன? மரங்கள் நிற்கின்றனவே” என்பாருளர். நிற்பது உண்மையே; ஆயின் மரம் நெடுங்காலம் வாழ்வதாகலின், அதற்கு மகவு பிறவாமை நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. இப்புறா ஓர் ஈட்டிற் பெரும்பாலும் ஒரே முட்டையிடுவது; எனவே இறைச்சிக்காகக் கொல்லப்படும்போது இழப்பை எளிதில் ஈடுசெய்ய அதனால் இயலாது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது. அது நன்றே. எனினும் துப்பாக்கியைத் தடுத்துவிட்டுக் கோடரியை மறத்தல் அறிவுடைமையாகுமா? பழமரங்களை வீழ்த்தித் தேக்கும் தைலமரமும் வரிசையாக நட்டு, அதற்குக் காடெனப் பெயரிடுகின்றோம். அங்கே இப்புறாவுக்கு ஒருவேளை உணவும் இல்லை. மரத்தொகையை எண்ணிக் காட்டை மதிப்பிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கனி தரும் மரங்கள் எத்தனை என்று வினவுதலே தகும்.

ஒரு புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையிலிட்ட சிபியைச் சோழர் குலமுதல்வனாகப் போற்றும் மரபினர் நாம். இன்றைய புறா நம் தசையைக் கேட்கவில்லை. தானே விதைத்த மரங்களை விட்டுவைக்குமாறே கேட்கின்றது. அதனையும் மறுப்போமாயின், சிபியின் கதையை நாம் மேடைதோறும் புகழ்வதனாற் பயன் யாது?