இரண்டரை மணி நேரக் கணக்கு: பாரிஸ் - போர்தோ விமானத்தை பிரான்ஸ் நிஜமாகவே நிறுத்தியதா?

பாரிஸிலிருந்து பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் போர்தோவுக்கு நேர்கோட்டில் சுமார் 500 கி.மீ. மணிக்கு 800 கி.மீ வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு 40 நிமிடம்கூட ஆகாத தூரம். ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேலே போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

அட்டவணையில் வராத நேரம் தனி. ஓர்லி விமான நிலையம் பாரிஸுக்குத் தெற்கே, ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்ச் சேர 45 நிமிடம், செக்-இன், செக்யூரிட்டிக்கு ஒரு மணி நேரம், அந்தப் பக்கம் இறங்கி ஊருக்குள் வர 40 நிமிடம். தோராயமாகக் கூட்டினாலே மூன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிறது.

ரயில்? 2017 ஜூலையில் புதிய அதிவேகப் பாதை திறந்த பிறகு, வேகமான டிஜிவி ரயில் 2 மணி 4 நிமிடத்தில் போர்தோ போய்விடுகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஊருக்குள்ளேயே. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தைச் சேர்த்தாலும் ரயில்தான் முந்துகிறது.

இந்தக் கணக்கை வைத்துத்தான் பிரான்ஸ் சட்டம் போட்டது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாது. 2023 மே மாதம் வந்த ஆணையில் சிக்கியவை மூன்றே வழித்தடங்கள்: ஓர்லியிலிருந்து போர்தோ, நான்ட், லியோன். 'குறுகிய தூர விமானங்களுக்குத் தடை' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனதற்கு இது ரொம்பக் கம்மி, இல்லையா?

இன்னொன்று. இந்த மூன்றையும் ஏர் பிரான்ஸ் 2020-லேயே நிறுத்திவிட்டது. கொரோனா காலத்தில் அரசு கொடுத்த நிதியுதவிக்கு அது ஒரு நிபந்தனை. அந்த இடத்துக்கு வேறு நிறுவனம் வராமல் பூட்டுப் போட்டதுதான் ஆணை செய்த வேலை.

அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது? குலுக்கல் முறையில் தேர்வான 150 குடிமக்கள் கொண்ட காலநிலை மன்றம் கேட்டது 4 மணி நேரம். விமான நிறுவனங்களும் சில பிராந்தியங்களும் எதிர்த்தன. அரசு இறங்கி வந்தது. 4 மணி நேரம் என்று வைத்திருந்தால், ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் மார்செய் வழித்தடமும் உள்ளே வந்திருக்கும்.

சார்ல்ஸ் டி கோல் விமான நிலையம் தப்பித்த கதைதான் சுவாரசியம். அங்கே சொந்தமாக ஒரு டிஜிவி ஸ்டேஷன் இருப்பதால், பயண நேரத்தை அந்த ஸ்டேஷனிலிருந்து கணக்கிடுகிறார்கள். அங்கிருந்து போர்தோவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் தெற்கே ஓர்லியிலிருந்து போகக் கூடாத அதே போர்தோவுக்கு, வடக்கே சார்ல்ஸ் டி கோலிலிருந்து தாராளமாகப் பறக்கலாம்.