சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு!

   

கொரோனா ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆறிப்போன கதையை இப்போது எதற்குங்க கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது என்பதுதான் நம் பதில். அன்றைக்கு நகரத்தில் தக்காளி கிடைக்காமல் தாய்மார்கள் தவித்தார்கள். அதே நாளில் உடுமலை, குடிமங்கலம், குண்டடம் பகுதிகளில் நாம் தக்காளியைப் பறிக்க வழியில்லாமல் செடியோடு விட்டோம், மாட்டை விட்டு மேய்த்தோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரப் பயணம். விளைச்சல் இருந்தது, பசியும் இருந்தது. நடுவில் இருந்த பாதைதான் அடைபட்டது. அது ஏன் அடைபட்டது, மறுபடியும் அடைபடாமல் இருக்க என்ன செய்யோணும் என்று நிதானமாக இருக்கும் காலத்தில்தான் பேச முடியும்.

நோய் பொய் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊர்களிலும் உயிர்கள் போயின. மருத்துவர்களும் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் உயிரைப் பணயம் வைத்து உழைத்ததை நாம் மறக்கவில்லை. கூட்டம் கூடக்கூடாது என்பதும் சரிதான். நாம் கேட்பது ஒன்றுதான். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது எப்படி?

திருப்பூரின் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலான தொழிலாளிக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வரும். ராத்திரி பழைய கடனில் கொஞ்சம் அடைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் கறிக்கடைக்கும் போவார். அந்த ஒரு நாள் வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்தான் அடுத்த சனி வரைக்கும். லைன் வீட்டில் ஒற்றை அறைக்குள் நான்கு பேர் படுக்கும் குடும்பம் மாதத்துக்கான சாமானை வாங்கி எங்கே அடுக்கும்? அதற்கு ஏது முதல்?

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. அது ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை என்றார்கள். தமிழக அரசு அதை மறுநாள் காலை 5 மணி வரை நீட்டித்தது. ஆக, வாரச் சாமான் வாங்கும் நாள் போயிற்று. மார்ச் 24 செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார். நடுவில் கிடைத்தது நான்கே மணி நேரம். மளிகை, காய்கறி, பாலுக்குத் தடையில்லை என்று உத்தரவில் எழுதியிருந்தது உண்மை. ஆனால் கம்பெனி மூடிக்கிடக்க, மார்ச் 28 சனிக்கிழமைச் சம்பளம் எங்கிருந்து வரும்? கடை திறந்திருந்தும் கை காலி. அண்ணாச்சி கடை நோட்டில் கடன் ஏறியது. வாரக் கடைசியில் அடைபட்டால்தானே அவரும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க முடியும்? அங்கேயும் கடன் நின்றது. சரக்கும் நின்றது.

நம் பக்கம் என்ன நடந்தது? மார்ச் 24 உத்தரவில் காய்கறிக் கடைக்கு விலக்கு இருந்தது. காய்கறியை விளைவிக்கும் காட்டு வேலைக்கு விலக்கு இல்லை! விவசாய வேலைக்கும் விவசாயக் கூலிகளுக்கும் வேளாண் சந்தைகளுக்கும் விலக்கு என்று மத்திய உள்துறை சேர்த்து எழுதியது மார்ச் 27-ல்தான். கடையில் காய் தானாகவா முளைக்கும்? அந்தத் தாளும் கிராமத்துச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர மேலும் நாட்கள் ஆயின. பறிக்கிற பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து வரும் வண்டியை நிறுத்தினார்கள். காலிப் பெட்டியோடு திரும்பி வரும் டெம்போவை, சரக்கு எங்கே என்று கேட்டு மடக்கினார்கள். சரக்கை இறக்கிவிட்டு வரும் வண்டியில் சரக்கு எப்படிங்க இருக்கும்?

சின்ன வெங்காயம் போட்டவர் பட்டறை போட்டுச் சில மாதம் காத்திருக்கலாம். தக்காளி காத்திருக்காது. முருங்கை காத்திருக்காது. காலையிலும் மாலையிலும் கறக்கும் பாலை மடியிலேயே வைத்திருக்கச் சொல்ல முடியாது. ஓட்டல், கல்யாண மண்டபம், கல்லூரி விடுதி எல்லாம் மூடியிருந்தன. கேரளாவுக்குப் போகும் வண்டிகள் முன்போல் போகவில்லை. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டவில்லை. இந்தப் பக்கம் நாம் காயைக் கொட்டினோம், அந்தப் பக்கம் தெருவில் அதே காய்க்கு ஆனை விலை. நடுவில் யாருக்குப் போனது லாபம்? எல்லா வியாபாரியையும் நாம் குறை சொல்லவில்லை. பாதை அடைபட்டால் சந்து பொந்து தெரிந்தவன் சம்பாதிப்பான். பாதை திறந்திருந்தால் அந்த வேலை நடக்காது.

உழவனும் மளிகைக் கடைக்குப் போகிறவன்தான் என்பதையும் யாரும் நினைக்கவில்லை. நெல் விளையாத மானாவாரிக் காட்டுக்காரர் அரிசிக்கு எங்கே போவார்? கிராமத்தில் வாரச்சந்தை மூடியது, பஸ் நின்றது. உப்பு, புளி, பருப்பு, மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றுக்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாத வயசானவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார்கள்.

கடை நேரத்தைக் குறைத்த கதை இன்னொன்று. முதலில் பிற்பகல் 2.30 மணி வரை, 2020 ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை என்று ஆக்கினார்கள். அதே ஜனம், அதே பை, நேரம் மட்டும் குறைவு. கூட்டம் கூடுமா, குறையுமா? பிறகு ஏப்ரல் 24-ல் ஓர் அறிவிப்பு. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாளும், சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 26 முதல் 28 வரை மூன்று நாளும் முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது என்றார்கள். விளைவு? 25-ந் தேதி சனிக்கிழமை கடைவீதிகளில் தோளோடு தோள் உரச ஜனம் நின்றது. ஒரு மாதம் ஒதுங்கி இருந்ததன் பலன் ஒரு காலைப் பொழுதில் போயிற்று. 26-ந் தேதி என்ன கிழமை? மறுபடியும் ஞாயிறு!

அதோடு விட்டார்களா? 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. 2021 ஏப்ரல் கடைசியிலும் ஞாயிறு ஊரடங்கு. 2022 ஜனவரி 9, 16, 23 என்று மூன்று ஞாயிறு. ஆட்சி மாறியும் கிழமை மாறவில்லை. அரசு அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை நாள். திருப்பூருக்கோ அது அரிசி வாங்கும் நாள். உத்தரவு எழுதுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர் காலண்டரைப் பார்த்து எழுதுகிறார்கள். வாரச் சம்பளக்காரருக்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கும் விவசாயிக்கும் அந்தக் காலண்டர் பொருந்தாது. நம் வழக்கே இதுதான்.

கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடுகளுக்கு மட்டும் குறைவில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப் பாதை வைத்தார்கள். நாடெங்கும் செய்தி வந்தது. மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பது பயனற்றது, கெடுதல் என்று ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதாரத் துறையே சொன்னது. அந்தச் செலவுக்கும் அக்கறைக்கும் வார்டுக்கு ஒரு திறந்தவெளிக் காய்கறிக் கடை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் ரேஷன் கடையில் தந்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக 4000 ரூபாயும் 14 வகை மளிகைத் தொகுப்பும் கொடுத்தார்கள். 2021 மே 24 முதல் மளிகைக் கடைகளையும் மூடியபோது, தோட்டக்கலைத் துறை மூலம் காய்கறி வண்டிகள் தெருவுக்கு வந்தன. மே 31 முதல் வண்டியிலும் தள்ளுவண்டியிலும் மளிகை விற்க அனுமதித்தார்கள். 2020-ல் முடியாது என்று இருந்தது 2021-ல் முடிந்தது. ஆக, மனம் வைத்தால் முடியும். முதல் வருடமே முடிந்திருக்க வேண்டியது.

ரேஷன் கடையால் பிழைத்தவர்கள் அட்டை வைத்திருந்தவர்கள். அட்டை இல்லாதவர்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்து நம் ஊர் பனியனைத் தைக்கிறவர்களின் அட்டை அவரவர் ஊரில் இருந்தது. வயிறு திருப்பூரில் இருந்தது. அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளருக்கும் தலைக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது 2020 மே 14-ல். ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாள் கழித்து! அதற்குள் மூட்டை கட்டி ரயிலேற வரிசையில் நின்றவர்கள் ஏராளம். எந்த ஊர் அட்டைக்கும் எந்த ஊரிலும் பொருள் என்னும் திட்டம் தமிழகத்தில் அக்டோபர் 1-ல்தான் வந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பட்டினி கிடக்கக்கூடாது, சமுதாயச் சமையற்கூடம் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29-ல் தீர்ப்பளித்தது. இந்திக்காரன் பிரச்சினை நமக்கு எதற்கு என்று நம்மவர் சிலரே கேட்பது உண்டு. நம் தக்காளியையும் வெங்காயத்தையும் வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர். அவர் அடுப்பு அணைந்தால் நம் காட்டில் காய் அழுகும். இதில் உங்கள் பசி, எங்கள் பசி என்று இரண்டு கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஊரடங்கில் கொடுத்த எண்ணெய் எது? பாமாயில். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து கப்பலில் வரும் எண்ணெய். துறைமுகம் அடைபட்டிருந்தால் அதுவும் இல்லை. தென்னையும் கடலையும் விளையும் மாவட்டத்தில், காங்கயத்தில் தேங்காய் உலர்களங்கள் வரிசையாக இருக்க, ஏழை வீட்டுத் தாளிப்புக்குக் கடல் கடந்து எண்ணெய் வரவேண்டுமா? ரேஷனில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் பல வருடமாகப் போராடுவது வெறும் விலைக்காக மட்டும் அல்ல. ஆபத்துக் காலத்தில் பக்கத்துக் காட்டில் இருப்பதுதான் கைக்கு வரும் என்பதற்காகவும்தான்.

நாடு முழுக்க ஊரடங்கு போட்டது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி. அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒரு பேரிடர் திட்டம் இருக்க வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடையை மூட மட்டும் சட்டம், சோறு போடத் திட்டம் இல்லை என்றால் ஒப்ப முடியாது. ஆகவே மாவட்டத் திட்டத்தில் பின்வருவனவற்றைச் சேர்க்கக் கோருகிறோம்.

1. எந்த ஊரடங்கிலும் உணவுப் பொருள் கடைகளின் நேரத்தைக் கூட்ட வேண்டும், குறைக்கக்கூடாது. வாரச் சம்பளம் நடக்கும் ஊரில் சனி, ஞாயிறு முழு அடைப்பு கூடாது. கட்டாயம் மூட வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

2. உழவர் சந்தை அடையாள அட்டையே எல்லாச் சோதனைச் சாவடியிலும் அனுமதிச் சீட்டாகச் செல்ல வேண்டும். காலிப் பெட்டியோடு திரும்பும் வண்டிக்கும், பறிக்க வரும் தொழிலாளருக்கும் அது பொருந்த வேண்டும்.

3. சந்தையை மூடினால் வார்டு வாரியாகக் காய்கறிக் கடை போடப் பள்ளி மைதானங்களின் பட்டியலை இப்போதே தயாரிக்க வேண்டும். கிராமத்து வாரச்சந்தைக்கும் மாற்று இடம் குறிக்க வேண்டும்.

4. நகருக்குப் போகும் வண்டிகளுக்குக் காயை விவசாயிகளிடமும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களிடமும் நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். அரசு உத்தரவால் விற்க முடியாமல் அழிந்த விளைச்சலுக்கு இழப்பீடு தர வேண்டும்.

5. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மாநிலத்தவரானாலும், ஊரடங்கு தொடங்கிய முதல் வாரத்திலேயே ரேஷன் பொருள் தர வேண்டும். ரேஷனில் உள்ளூர் எண்ணெய் வேண்டும்.

6. இந்தத் திட்டத்தை எழுதும்போது விவசாயிகள், பனியன் தொழிலாளர், மளிகை வியாபாரிகள் ஆகியோரின் சங்கங்களை அழைத்துப் பேச வேண்டும்.

இதில் பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கை அதிகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் மூன்றுக்கும் வேண்டியது ஒரு உத்தரவும் கொஞ்சம் யோசனையும்தான்.

தோழர்களே! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். அப்படியும் ஊரடங்கில் நாம் உழுதோம், கறந்தோம், விதைத்தோம். நம் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. விளைந்ததைக் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் கேட்கிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு நம் சங்கம் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கு ஊருக்கு ஒரு வண்டியாவது கிளம்ப வேண்டும். தாய்மார்கள் அவசியம் வரவேண்டும், ஏனென்றால் அன்று காலிப் பையோடு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான். பக்கத்து லைன் வீட்டுத் தொழிலாளரையும் கூப்பிட்டு வாருங்கள். ஆர்ப்பாட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கவில்லை. அன்று அவர்கள் சந்தைக்குப் போக வேண்டும்.

திரண்டு வாரீர்! உழவர் ஒற்றுமை ஓங்குக! உழவர் தொழிலாளர் உறவு வெல்க!