விளையாட்டுப் பலகையும் நெம்புகோல் பாடமும்

நாணயம் இட்டு ஆடும் மின்னணு விளையாட்டு யந்திரங்களில் உள்ளது போன்ற கைப்பிடிப் பலகையை மாணவர் தாமே செய்வது வீண் பொழுதுபோக்கு என்று உபாத்தியாயர் சிலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. 2016ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் நிறுவப்பட்டு வரும் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்களில், கைவேலை அறியாத மாணவன் தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற வேலை அரிது.

பலகையில் துளையிட்டுப் பொருத்தும் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்சே. அழுத்தினால் மின்சுற்று மூடும், விட்டால் திறக்கும். இவற்றின் கம்பிகள் ஒரு சிறு மின்னணுத் தகட்டின் வழியே கணிப்பொறியை அடைகின்றன. இதில் இடர்ப்பாடு அதிகமில்லை. மாணவன் மயங்குவது கைப்பிடியில்தான். அதன் அடியில் நாற்புறமும் நான்கு ஸ்விட்சுகள் உள்ளன. வலப்பக்கத்து ஸ்விட்சையே வலத்திசைக்கு உரியதாக அவன் இணைக்கிறான். பிடியை வலப்புறம் சாய்த்தாலோ திரையில் உருவம் இடப்புறம் ஓடுகிறது! நிரலில் பிழை என்று நெடுநேரம் தேடுகிறான். பிடியோ நடுவில் ஊன்றிய நெம்புகோல். மேல்முனை வலம் செல்லுங்கால் அடிமுனை இடம் சென்று அப்பக்கத்து ஸ்விட்சை அழுத்துகிறது. மனப்பாடம் செய்த விதி அன்றுதான் அவன் கைக்கு வருகிறது.

ஆகவே, கம்பிகளை முன்னரே சரியாக இணைத்துக் கொடுக்கும் ஆசிரியர் (மேலதிகாரி வருகைக்கு முந்தைய நாளில் இது நிகழக்கூடும்) மாணவனுக்குரிய பாடத்தைப் பறித்துக் கொண்டவரே ஆவார். கணிப்பொறியினின்று வருவது 5 வோல்ட் மின்சாரமே. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேளையில் மட்டும் அவர் அருகிருத்தல் வேண்டும்.