டெலோமியர் நீளமாக இருந்தால் நல்லதா? பாதி உண்மையை வைத்து நடக்கும் வியாபாரம்

வயசு 35 தான். ஆனால், உடம்புக்கு எத்தனை வயசு? எச்சிலோ, ஒரு சொட்டு ரத்தமோ கொடுத்தால் டெலோமியர் நீளத்தை அளந்து சொல்லிவிடுவோம் என்கின்றன சில நிறுவனங்கள். டெலோமியரை நீட்டிப்பதாகச் சொல்லும் மாத்திரைகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. நீளம்னா இளமை, குட்டைன்னா முதுமை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால், இது பாதி உண்மைதான்.

டெலோமியர் என்றால் என்ன?

ஷூ லேஸ் நுனியில் பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதுபோல குரோமோசோமின் இரு முனைகளையும் காக்கும் டிஎன்ஏ பகுதிதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். டெலோமியர் குரோமோசோமைக் காக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

செல் பிரிவது நின்றுபோவதைப் பலரும் முதுமையாக மட்டுமே பார்க்கிறார்கள். அது ஒரு பிரேக்கும்கூட. டெலோமியர் நீளமாக இருந்தால் அந்த பிரேக் தாமதமாகத்தான் விழும். அதற்குள் செல் அதிக முறை பிரியும், மரபணுப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். புற்றுநோய்க்கு வழி இங்கேதான் திறக்கிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

வயது, புகைப்பழக்கம், நோய் எல்லாமே டெலோமியரைப் பாதிக்கும். எனவே, நீளத்தை மட்டும் அளந்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். பிறப்பிலேயே வரும் மரபணு வேறுபாடுகளை வைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் குறையும்.

2017-ல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வெளியான ஆய்வு அப்படித்தான் 35 புற்றுநோய்கள் உட்பட 83 நோய்களை ஆராய்ந்தது. பரம்பரையாக நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்கு கிளையோமா எனும் மூளைக் கட்டி, மெலனோமா எனும் தோல் புற்றுநோய், ஒருவகை நுரையீரல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் அதிகம். அதே ஆய்வில், இதய ரத்தக்குழாய் நோயும் நுரையீரல் திசு தழும்பேறும் நோயும் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் நஷ்டம்.

2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், பிஓடி1 என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட சில குடும்பங்களை ஆராய்ந்தனர். அவர்களுக்கு டெலோமியர் மிக நீளம். சிலருக்கு 70 வயதைத் தாண்டியும் நரை இல்லை. ஆனால், சாதாரணக் கட்டிகளும் புற்றுநோய்க் கட்டிகளும் அவர்களிடம் காணப்பட்டன.

அப்போ பரிசோதனை வேண்டாமா?

பரம்பரை டெலோமியர் நோய் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகித்தால், இந்தப் பரிசோதனை அவசியம். மற்றபடி, ஆரோக்கியமான ஒருவருக்கு இது பதற்றத்தையோ பொய்யான நிம்மதியையோதான் தரும். அபாயம் கூடுதல் என்றால் புற்றுநோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை. அதேபோல, 'நீளம்' என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டைத் தொடர்பவருக்கு அந்த ரிப்போர்ட் பாதுகாப்பும் தராது.

இளமையை விற்பவர்கள் இந்த மறுபக்கத்தையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிட வேண்டும். அதுவரை, அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். புகையை விடுவதும், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் வந்தது என்று கேட்டு மருத்துவரிடம் சொல்வதும் அதைவிட அதிகம் உதவும்.