துவக்கு யாருக்குக் காவல்?

2019 மார்ச் 15ஆம் திகதி ஜும்ஆ வேளையில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் மஸ்ஜிதுந் நூரிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கப்றுகளின் ஈரம் காயுமுன்பே ஒரு குரல் எழுந்தது. ரோந்து செல்லும் பொலிஸார் கையில் இனி ரைபிள் இருக்க வேண்டும், அப்போதுதான் பள்ளிவாசலுக்குப் பாதுகாப்பு என்றது அது. நம்மவர்களிலும் சிலர் தலையாட்டினார்கள். நமது ஷஹீத்களின் பெயரால் கேட்கப்பட்ட துவக்கு அது. எனவே அதைப் பற்றி நாமே பேசியாக வேண்டும்.

முதலில் அன்று நடந்ததைப் பார்ப்போம். நியூஸிலாந்துப் பொலிஸார் வழமையாக இடுப்பில் துவக்கு அணிவதில்லை. ஆனால் அவர்களிடம் துவக்கே இல்லை என்பது பொய். பிஸ்டலும் ரைபிளும் ரோந்து வாகனங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆபத்து வந்தால் எடுக்கலாம். மஸ்ஜிதுந் நூரில் கொலைகாரன் சில நிமிடங்களிலேயே தன் வேலையை முடித்துவிட்டான். எந்த ரைபிளும் அந்த நிமிடங்களை முந்தி ஓடியிருக்காது. முதல் அவசர அழைப்பு வந்து இருபது நிமிடங்களுக்குள் அவன் பிடிபட்டான். மூன்றாவது இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவனின் காரை இரண்டு பொலிஸ்காரர்கள் தம் வாகனத்தால் மோதி நிறுத்தி, அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்தக் கைதில் அவர்கள் ஒரு வெடிகூட வைக்கவில்லை.

அப்படியிருந்தும், அந்த வருடம் ஒக்டோபரில் ஆயுதமேந்திய விசேட ரோந்துக் குழுக்களை மூன்று பொலிஸ் மாவட்டங்களில் பரீட்சார்த்தமாக இறக்கினார்கள். மார்ச் 15இன் பின் நிலைமை மாறிவிட்டது என்பதே சொல்லப்பட்ட நியாயம். ஆறு மாதங்களில் அந்தக் குழுக்கள் எந்தப் பயங்கரவாதியைப் பிடித்தன? வீதியில் வாகனங்களை மறித்தன. பிணையில் வந்தவர்களின் வீட்டுக் கதவைத் தட்டின. மஓரி மக்களும் பசுபிக் தீவு மக்களும், இந்தத் துவக்கு கடைசியில் எங்களை நோக்கித்தான் திரும்பும் என்று எதிர்த்து நின்றார்கள். 2020 ஜூனில் பொலிஸ் ஆணையாளரே திட்டத்தைக் கைவிட்டார். இது நமது நாட்டவரின் பொலிஸ் முறைக்குப் பொருந்தாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அப்படியானால் காவல் எங்கே தவறியது? 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை அதைச் சொல்கிறது. கொலைகாரன் துவக்கு வாங்கியது கள்ளச் சந்தையில் அல்ல. பொலிஸார் வழங்கிய அனுமதிப்பத்திரத்தைக் காட்டி. அவனுக்காகச் சாட்சி சொல்ல உறவினர் எவரும் இல்லை. இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும் சொன்ன வார்த்தையே போதும் என்று அனுமதி கொடுத்தார்கள். உளவுத்துறையோ தன் வளங்களைப் பொருத்தமற்ற அளவில் முஸ்லிம்கள் பக்கமே குவித்து வைத்திருந்தது. தற்செயலைத் தவிர வேறு வழியில் இத்தாக்குதலை முன்கூட்டிக் கண்டறிந்திருக்க முடியாது என்றும் ஆணைக்குழு கூறியது உண்மைதான். ஆனாலும் அந்த அனுமதிப்பத்திரம் பொலிஸ் மேசையிலிருந்து போனது என்பது மாறாது. மேசையில் விழுந்த ஓட்டையைத் தோளில் ரைபிள் தொங்கவிட்டு அடைக்க முடியுமா?

இந்த ரைபிள் மோகத்தின் தாய்வீடு அமெரிக்கா. அவர்களது நியாயத்தையும் கேட்போம். 1997 பெப்ரவரி 28இல் லொஸ் ஏஞ்ஜல்ஸின் வட ஹொலிவூட்டில் உடற்கவசம் அணிந்த இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் தானியங்கித் துவக்குகளோடு முக்கால் மணி நேரமளவு பொலிஸாருடன் சமர் புரிந்தார்கள். பொலிஸாரின் பிஸ்டல் குண்டுகள் கவசத்தைத் துளைக்கவில்லை. பக்கத்திலிருந்த துவக்குக் கடைக்குப் போய் ரைபிள் வாங்கிவர வேண்டிய நிலை. அதன் பின்னரே ரோந்து வாகனங்களுக்கு ரைபிள் என்ற வழக்கம் நாடெங்கும் வேரூன்றியது. இராணுவத்தின் உபரிச் சாமான்களைப் பொலிஸுக்கு வழங்கும் திட்டமும் அதே காலத்தது. அதனூடாக இதுவரை 7 பில்லியன் டொலருக்கும் மேல் பெறுமதியான தளபாடங்கள் கைமாறியிருக்கின்றன.

வட ஹொலிவூட் போன்ற நாள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும். ரைபிளோ அன்றாடம் வீதிக்கு வருகிறது. 2014இல் பேர்கஸனில் 18 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் பொலிஸாரால் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு, கையை உயர்த்தி நின்ற மக்களைக் கவச வாகனத்தின் மேலிருந்து குறிபார்த்தது அந்த ரைபிள்தான். 2016இல் அரிஸோனாவின் மேசா நகரில், ஹோட்டல் தாழ்வாரத்தில் அழுதபடி தவழ்ந்து வந்த, நிராயுதபாணியான ஒருவரைச் சுட்டுக் கொன்றதும் ஏஆர்-15 ரக ரைபிள்தான். சுட்டவர் தன் ரைபிளில் ஒரு தூஷண வார்த்தையைப் பொறித்து வைத்திருந்தார். ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்.

இத்தனையும் போகட்டும், ரைபிள் குழந்தைகளையாவது காப்பாற்றியதா? 2022 மே 24ஆம் திகதி டெக்ஸாஸின் யுவால்டியில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குள் 18 வயது ஆயுததாரி நுழைந்தான். சில நிமிடங்களிலேயே கவசமும் துவக்கும் தரித்த பொலிஸார் தாழ்வாரத்தில் நின்றார்கள். மொத்தம் 376 சட்ட அமுலாக்க உத்தியோகத்தர்கள் அங்கு வந்து சேர்ந்ததாக மாநிலச் சட்டசபைக் குழு பின்னர் கணக்கிட்டது. வகுப்பறைக்குள் நுழைய அவர்களுக்கு 77 நிமிடங்கள் எடுத்தது. 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டார்கள். களஞ்சியத்திலிருந்து ரைபிளை வழங்கலாம், நெஞ்சுரத்தை வழங்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தப் பாடத்தைப் படிக்க நாம் அமெரிக்கா வரை போயிருக்கத் தேவையில்லை. நமது நாட்டில் பொலிஸாரின் கையில் ரி-56 துவக்கு புதுமையல்ல. யுத்தம் 2009இல் முடிந்தது. அந்தத் துவக்கு இன்னும் முகாமுக்குத் திரும்பவில்லை. ஆனால் 2019 ஏப்ரல் 21க்கு முன் வந்த எச்சரிக்கைகளைத் துவக்கா தடுத்து வைத்திருந்தது? அவை அதிகாரிகளின் மேசைகளில் கிடந்தன. உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் பொலிஸ் மாஅதிபரும் உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு விண்ணப்பம், கொழும்பில் ஓர் எச்சரிக்கை. இரண்டு இடத்திலும் காவல் தோற்றது மேசையில்தான்.

அதே வருடம் மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டக் கிராமங்களிலும் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது துவக்குகள் எங்கே இருந்தன? 2014 ஜூனில் அளுத்கமையில், 2018 மார்ச்சில் திகனயில் எங்கே இருந்தன? ஊரடங்குச் சட்டம் அமுலில் இருக்கும்போதே காடையர்கள் நடமாடினார்கள். திகனயில் பள்ளிவாசலுக்குள் நடந்த தாக்குதலில் விசேட அதிரடிப்படையினரே சம்பந்தப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு, கண்காணிப்புக் கெமராப் பதிவுகளோடு வெளிவந்தது. கூட்டமாக வந்த காடையர் முன் ஊமையாக நின்ற துவக்குக்கு, 2022 ஏப்ரலில் ரம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராக வீதிக்கு வந்த ஏழைகள் முன் நன்றாகவே வாய் திறந்தது. அங்கே ஓர் உயிர் போனது.

"காத்தான்குடியை மறந்தா பேசுகிறீர்?" என்று சிலர் கேட்கக்கூடும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஸுஜூதில் இருந்தவர்களைச் சுட்டதை எப்படி மறப்பது? ஊர்காவலர்கள் துவக்கேந்தி நமது எல்லைக் கிராமங்களில் கண்விழித்த இரவுகளை நான் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் அது யுத்தம். எதிரே நின்றது ஓர் ஆயுதப்படை. யுத்தத்துக்குரிய விடையைச் சந்தியில் சைக்கிளை மறிக்கும் பொலிஸ்காரரின் தோளில் நிரந்தரமாகத் தொங்கவிடுவது வேறு. இராணுவம் எதிரியைத் தேடும். பொலிஸ் பிரஜையைப் பார்க்க வேண்டும். இராணுவ ஆயுதத்தைத் தினமும் சுமப்பவருக்கு எதிரே வருபவர் எல்லாம் எதிரியாகத் தெரியத் தொடங்கினால் அதிசயமில்லை.

அவ்வாறு தெரியும் முகங்களில் நமது முகம் முதல் வரிசையில் இருக்கிறது என்பதை ஏப்ரல் 2019க்குப் பின்னும் விளங்காதவர்கள் உண்டா? தொப்பியும் தாடியும் ஹபாயாவும் சோதனைச் சாவடியில் என்ன பாடுபட்டன என்பதை நமது சிறுகதைகளே எழுதியிருக்க வேண்டும். கிறைஸ்ட்சேர்ச்சுக்குக் கண்ணீர்க் கவிதை எழுதுவது இலகு. அந்தக் கண்ணீரைக் காட்டி யாருக்கு என்ன ஆயுதம் வாங்கப்படுகிறது என்று கேட்பதும் எழுத்தாளனின் வேலைதான்.

நாம் கேட்க வேண்டியவை வேறு. எச்சரிக்கைக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரி வேண்டும். அனுமதிப்பத்திரத்தில் கையொப்பமிடுமுன் விசாரிக்கும் உத்தியோகத்தர் வேண்டும். காடையர் கூட்டத்தின் முன் ஒதுங்கி நின்ற பொறுப்பதிகாரியை நீதிமன்றத்தில் நிறுத்தும் சட்டம் வேண்டும். ரைபிள் அவசியமான நாளும் வரலாம். அந்த நாளுக்காக அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். அந்தப் பெட்டியின் திறப்பு யார் கையில் இருக்கிறது, திறந்ததற்கு அவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம்.