மானத்தை விடுங்கள், சாட்சியத்தைக் கேளுங்கள்

பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே போதும். தாம்பரம் பக்கம் சட்டம் படிக்கும் தோழர்களுக்கு இது மனப்பாடம். சரி, அவளை ஏன் நம்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது? சிக்கல் அங்கேதான்.

தன்மானமுள்ள பெண் எவரும் தன் மானத்துக்கு இழுக்கு வரும்படி ஒரு பொய்யை நீதிமன்றத்தில் வந்து சொல்ல மாட்டாள் என்கிறது 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த குர்மித் சிங் தீர்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் மானம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பங்கு போட்டது யார்? சாதிதானே!

அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1995 நவம்பரில், பன்வாரி தேவி வழக்கில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் ஐந்து பேரையும் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன குயவர் சமூகப் பெண் அவர். மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தீட்டுப்பட மாட்டான் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மானத்தை வைத்து நம்பினால், மானத்தை வைத்தே நம்ப மறுக்கவும் முடியும்.

வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூனில் வன்கொடுமைக்கு உள்ளான 18 பழங்குடிப் பெண்களைச் சந்தனமரக் கடத்தல்காரர்கள் என்று சொல்லிச் சிறையில் அடைத்தது அரசு. எதிரே நின்றவர்கள் 269 அரசு ஊழியர்கள். அவர்களில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் மானத்தைக் காட்டி வெல்லவில்லை. கண்டதையும் பட்டதையும் சொன்னார்கள், சொன்னதில் நின்றார்கள்.

நம்பினாலும் பாதிதான் நம்புவார்கள். 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற ஒரு தலித் பெண் குரலை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காட்டியதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயுள் தண்டனை நிலைத்தது. ஆனால் சாதியின் காரணமாகத்தான் செய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. 2011இல் நடந்த குற்றம் என்பதால் பழைய சட்டமே பொருந்தியது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, அவள் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். அவளையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவன் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, பெருங்களத்தூரிலோ வண்டலூரிலோ ஒரு பெண் புகார் கொடுக்கப் போனால் கூடப் போங்கள். முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதற்கட்ட விசாரணை முடியட்டும் என்று போலீஸ் இழுத்தால், 18ஏ பிரிவைக் காட்டுங்கள். ஜாமீன் விசாரணையில் அவள் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நல்ல பெண் என்று எவரும் சான்றிதழ் தர வேண்டாம். அவள் குடிமகள். அவள் சொல்வது சாட்சியம். அது போதும்.

ஜெய்பீம்!