பிழைத்த பிள்ளை திரும்பி வராமலிருக்க

தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்துபோகிறவர்கள் 13 பேர் என்றது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கை. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளும், அங்கே இராப்பகலாக நிற்கும் செவிலியர்களும் சேர்ந்து ஈட்டிக் கொடுத்த வெற்றி அது. ஆனால் அப்படிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் முழு நலத்தோடு வீடு திரும்புவதில்லை. மாதம் நிறையாமல் பிறந்து நுரையீரல் பழுதுபட்ட பிள்ளைகள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், மூளை முடக்குவாதத்தால் விழுங்க முடியாதவர்கள், தசை நலிவு நோய் கண்டவர்கள், மருந்துக்கு அடங்காத வலிப்பால் அவதிப்படுகிறவர்கள். ஒரு சளி போதும், மறுபடியும் வென்டிலேட்டர். இந்தப் பிள்ளைகளின் வீடுகள் ஒவ்வொரு சளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கின்றன. அதைப் பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

நம்முடைய காப்பீட்டுத் திட்டங்கள் எல்லாமே நோயை ஒரு முறை வந்து போகும் விபத்தாக எண்ணி வகுக்கப்பட்டவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஓர் அறுவை சிகிச்சைக்கு அது கணிசமான தொகை. ஆடியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை என்று ஐ.சி.யூ.வுக்குள் போய்வரும் பிள்ளைக்கு அது எத்தனை நாள் காணும்? அந்த 5 லட்சமும் பிள்ளைக்கு மட்டுமானது அல்ல. அதே வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தாலும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் அந்தக் காப்பீட்டு அட்டையும் கிடையாது. மாதம் 15,000 சம்பாதிக்கும் ஒரு குடும்பத்தை இந்த நாட்டில் யார் வசதியானவர்கள் என்று சொல்வார்கள்?

தனியார் காப்பீட்டை நாடினால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று 3 ஆண்டு வரை தள்ளி வைக்க விதியே இடம் தருகிறது. பிறவிக் கோளாறு என்றால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. பிறகு மிஞ்சுவது நகைக்கடன், வட்டிக்காரர், கைப்பேசியில் பிள்ளையின் படத்தைப் போட்டு ஊராரிடம் கையேந்தும் நன்கொடைப் பக்கம். முதல் முறை உறவினர்கள் ஓடி வருவார்கள். நான்காவது முறை யாரைக் கேட்பது?

தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செலவு எப்படி ஏறும் என்பதற்கு நாடே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2017இல் டெல்லியை ஒட்டிய குருகிராமில் டெங்குவோடு சேர்க்கப்பட்ட 7 வயதுச் சிறுமிக்கு, சுமார் இரண்டு வாரத்துக்கு, ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய் பில் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகு தேசிய மருந்து விலை ஆணையம் தலைநகர்ப் பகுதியின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டிருந்ததை 2018இல் வெளியிட்டது. சிரிஞ்சு, கையுறை போன்ற அன்றாடப் பொருட்களும் அந்தக் கணக்கில் அடக்கம். இதெல்லாம் ஒரே ஒரு முறை சேர்ந்ததற்கான பில். ஆண்டுக்கு மூன்று முறை சேரும் பிள்ளையின் பெற்றோரை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அட்வான்ஸ் கட்டுங்க’ என்ற குரலுக்கு விடை இல்லாமல், சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்திட்டுப் பாதிச் சிகிச்சையில் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் கொடுமை இங்கே பிறக்கிறது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் அம்மாவின் கூலிக்கு யார் பொறுப்பு? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. பிள்ளைக்கு மருத்துவமும் கிடைக்கும். ஆனால் அவருக்கே காய்ச்சல் வந்தால்தான் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. பிள்ளை வென்டிலேட்டரில் இருக்க, வெளியே வராந்தாவில் துண்டை விரித்துக் கிடக்கும் நாட்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மத்திய அரசில் பணியாற்றும் பெண்ணுக்குப் பிள்ளையைக் கவனிக்கப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. தையல் மிஷினில் உட்காரும் பெண்ணின் பிள்ளை மட்டும் குறைந்த பிள்ளையா? இ.எஸ்.ஐ. விதியில் இந்த ஒன்றைச் சேர்க்கப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது வேறொன்று. ஐ.சி.யூ. கட்டிலுக்குப் பணம் தர அரசிடம் வழி இருக்கிறது. அந்தக் கட்டிலுக்குப் பிள்ளை திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் பொருட்களுக்கு வழி இல்லை. கழுத்தில் குழாய் வைத்து அனுப்பப்பட்ட பிள்ளைக்குச் சளி உறிஞ்சும் மிஷின் வேண்டும். அதன் விலை சில ஆயிரம் ரூபாய். மூச்சிரைப்புள்ள பிள்ளைக்கு இன்ஹேலரும் அதை முறையாக இழுக்க ஒரு ஸ்பேசரும் வேண்டும். நுரையீரல் பழுதுபட்ட பிள்ளைக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், மின்சாரம் போனால் ஓட ஒரு இன்வெர்ட்டர். இவற்றுக்கு மேல், குழாயை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த அறிகுறி கண்டால் ஓடி வருவது என்று தாய்க்கு வீட்டில் வந்து சொல்லித்தர ஒருவர். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவோடு கதை முடிந்தது. பதினாறாம் நாள் முதல் குடும்பம் தனியே நிற்கிறது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் வரவேற்கத்தக்கதே. ஆனால் உணவுக் குழாய்க்கும் மருந்துக்கும் அது ஈடாகாது.

வழி இல்லை என்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போனது. இயன்முறைப் பயிற்சியையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. அந்தப் பணியாளர்களின் பட்டியலில் ஐ.சி.யூ.விலிருந்து திரும்பிய பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்த கான்சென்ட்ரேட்டர்களில் இன்று ஓடுபவை எத்தனை என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து, தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் கொடுக்கலாம். நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி 2021 முதல் இலவசமாகிவிட்டது. இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி தேசிய இலவசப் பட்டியலில் இல்லை. குறைந்தபட்சம் இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களோடு ஒரே அறையில் உறங்குபவர்களுக்குமாவது மாநிலம் அதை வாங்கித் தர வேண்டும். தீராத நோயென்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்ட பிள்ளையின் பெற்றோரிடம், அடுத்த வென்டிலேட்டர் என்ன தரும், என்ன தராது என்பதை உட்கார்ந்து பொறுமையாகப் பேச ஆள் வேண்டும். பில்லைப் பார்த்து அவர்கள் முடிவெடுக்கும் நிலை வரக் கூடாது.

ஒரே பிள்ளை ஓராண்டில் எத்தனை முறை தீவிர சிகிச்சைக்கு வந்தது என்ற கணக்கு புதிதாக எடுக்கப்பட வேண்டியது அல்ல. காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகிறது. மாவட்டம், நோய், வயது வாரியாக அந்தக் கணக்கை மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும். இரண்டாவது முறை வந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு செவிலியரை அனுப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் குழந்தைகள் வார்டுகள் நிரம்புவதற்கு முன் இது நடக்க வேண்டும்.